பதினொரு விநாடிக் கிறிஸ்துமஸ்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எதிரே நின்றால் ‘அண்ணே’, முதுகைத் திருப்பினால் ‘சட்டாம்பிள்ளை’. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு அந்தப் பட்டம் வேறெங்கே கிடைக்கும்?

அவருடைய வேலை பை பார்ப்பது. டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, சிப்பந்திச் சட்டை என்று எதுவும் மிஷினுக்குள் போவதற்கு முன்னால் அவர் மேசைக்கு வரவேண்டும். ஒவ்வொரு பையாகத் துழாவுவார். பேனா, சில்லறை, மாத்திரை, ஊசி மூடி எல்லாம் வரும், ஒருதரம் ஒரு முழுப் பல்செட்டே வந்தது. வந்ததை ஒரு தகர டப்பாவில் போட்டு, யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்டுவார். ஒரு பேனா தப்பி உள்ளே போனால் போதும், ஒரு வண்டித் துணியும் நீலமாகிவிடும். பதினேழு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு குண்டூசிகூடத் தப்பியதில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு ஏதாவது உள்ளே கிடப்பது தெரிந்தால், சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தலாம். தண்ணீர் முழுவதும் வடியும், அரை மணி நேரம் வீணாகும். அதற்கென்று சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த மிஷின், எதனால் நின்றது, யாரால் நின்றது என்று சம்பந்தப்பட்டவரே தன் கையால் எழுதவேண்டும். இதுவும் சட்டாம்பிள்ளை போட்ட சட்டம்தான். இஸ்திரி உருளையில் நிற்கும் அம்மாளை, எல்லோரும் அப்படியே ‘உருளை’ என்று கூப்பிடுகிறவளை, ஒரு கொண்டை ஊசிக்காகப் பத்துப் பேர் முன்னால் எழுத வைத்திருக்கிறார். அவள் அதை மறக்கவில்லை.

பலகையில் ஒருநாளும் ஏறாத பெயர் ஒன்றே ஒன்றுதான். யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

வருஷம் முழுவதும் ஓடும் அந்தக் கூடத்துக்கு டிசம்பர் இருபத்து நாலாம் தேதி மட்டும் மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு. கொதிகலன் பரிசோதனை அன்றைக்குத்தான். நீராவி இல்லாமல் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் படம் பார்க்கலாமே என்று துணி வண்டி ஓட்டும் டிரைவர் தன் மைத்துனனிடமிருந்து புரொஜெக்டரைக் கொண்டுவந்தான். திரைக்குப் பஞ்சமா? கட்டில் விரிப்பு மலைபோல் கிடக்கிறது. ஒன்றை எடுத்துக் கொடியில் மாட்டினார்கள். அது அறுவைப் பிரிவு விரிப்பு. ‘அறுவை’ என்ற நீல முத்திரை சரியாகக் கதாநாயகன் நெற்றியில் வந்து விழுந்தது.

“படம் எப்படின்னு முன்னாடியே எழுதிட்டாங்கப்பா” என்றான் டிரைவர். அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது வருஷா வருஷம் நடக்கும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஒருவர் முறை. முறைக்காரர் கொண்டுவருவதுதான் படம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அது கிறிஸ்துமஸ் படமாக இருக்கவேண்டும். எது கிறிஸ்துமஸ் படம் என்று யார் தீர்ப்பது? வேறு யார்!

சட்டாம்பிள்ளை சர்ச் வாசலை மிதித்தவரில்லை. அவர் அறிந்த கிறிஸ்துமஸ் எல்லாம் படத்தில் பார்த்ததுதான். அதனாலேயே அவருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. மூன்று விதி வைத்திருந்தார். பனி விழவேண்டும். அரை மணிக்குள் விளக்குப் போட்ட மரம் வந்துவிடவேண்டும். கெட்ட குணமுள்ள ஒருத்தன் கடைசியில் திருந்தவேண்டும். ஒருதரம் டிரைவர் ஒரு பேய்ப் படத்தைக் கொண்டுவந்து, “சுவத்துல காலண்டரைப் பாருங்க தலைவரே, டிசம்பர் இருபத்தஞ்சு! பேயே அன்னிக்குத்தான் வருது” என்று வாதாடினான். “பேய் திருந்துதாடா?” என்று கேட்டார். “இல்ல.” “அப்ப நிறுத்து.” படம் நின்றது.

போன வருஷம் முறை மடிப்பு மேசைக்காரிக்கு. துவைத்து வந்ததை மடித்து அடுக்குகிறவள், நாற்பத்தைந்து வயது, வாய் திறந்தால் அதிசயம். கூடத்தில் அந்தப் பண்டிகையை நிஜமாகவே கொண்டாடுகிற இரண்டு மூன்று பேரில் அவளும் ஒருத்தி. பத்து வருஷமாக அவருடைய மூன்று விதியையும் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள். அன்றைக்கு ஒரு பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

“என்ன படம்மா?”

“பழைய படம்ணே. நீங்க பாத்திருக்க மாட்டீங்க.”

பார்த்திருக்க மாட்டார்தான். ஒரு மெக்கானிக்குக்கும் அவன் அண்ணனுக்கும் கடைத் தகராறு. வெயில் கொளுத்துகிற தெரு. பத்து நிமிஷம் போயிற்று, பதினைந்து போயிற்று. சட்டாம்பிள்ளை நாற்காலியில் நெளிந்தார்.

“ஏம்மா, பனி எங்க?”

“பனியெல்லாம் இல்லண்ணே.”

“மரம்?”

“மரம்... இல்ல. ஆனா வரும்ணே, கொஞ்சம் இருங்க. ஒரு மணி பத்து நிமிஷத்துல வரும்.”

“ஒரு மணி பத்து நிமிஷமா! அதுக்குள்ள கொதிகலன்காரன் வேலையை முடிச்சுட்டுப் பேரன் எடுத்துருவான். ரெண்டு பேரு கடைக்கு அடிச்சிக்கிறது எந்த ஊர்ல கிறிஸ்துமஸ் படம்? உனக்கே இது தெரியலைன்னா எங்களுக்கு யாரு சொல்லித் தர்றது?”

கூடம் சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “பாக்கட்டும் விடுங்கண்ணே” என்று உருளை சொல்வதற்குள் அவர் எழுந்து போய் பென் டிரைவைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாற்றுக்குத் தயாராக வைத்திருந்த தன்னுடையதைச் செருகினார். முதல் காட்சியிலேயே பனி கொட்டியது.

“இது படம்” என்றார்.

அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு மடிப்பு மேசைக்குப் போய், மடித்து வைத்திருந்த துண்டுகளைப் பிரித்துத் திரும்ப மடிக்க ஆரம்பித்தாள். அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பனியைப் பார்த்தார்.

நாலு மணிக்கு நீராவி வந்தது. அன்றைய கடைசி வேலை கூடத்துக்காரர்களின் சொந்த உடுப்பு. எல்லோரும் வீட்டுச் சட்டைக்கு மாறி, வேலை உடுப்பை அவர் மேசையில் போட்டார்கள். ஒவ்வொன்றாகப் பை பார்த்தார். டிரைவர் பையில் சீப்பு, உருளையின் பையில் பாக்குப் பொட்டலம். எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். கடைசியில் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, அதையும் தள்ளிக் கதவைச் சாத்தினார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் பையும் அப்படித்தான் போலிருக்கிறது. ஊரார் பையெல்லாம் பார்த்த கை அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நம்பர் மிஷின் தண்ணீர் குடித்துச் சுழல ஆரம்பித்தது. இரண்டாவது நிமிஷம், உள்ளேயிருந்து ஒரு சத்தம். டக். அப்புறம் ஒரு சுற்று. டக்.

உள்ளே கிடப்பது எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சில்லறை கணீரென்று பாடும், பேனா கீச்சென்று உரசும். இது இரண்டுமில்லை. எடையில்லாத பொருள், ஒரு முனையில் மட்டும் இரும்பு. அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே இருந்தது வீட்டுச் சட்டையின் பை. அது காலி.

சிவப்புப் பொத்தான் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. அமுக்கியிருந்தால் துடைத்துக் காயவைத்துப் பிழைக்கவைத்திருக்கலாம். ஆனால் அமுக்கினால் மணி அடிக்கும். மணி அடித்தால் எல்லோரும் திரும்புவார்கள். அப்புறம் சாக்கட்டியை எடுத்து அந்தப் பலகையில், உருளை கொண்டை ஊசி என்று எழுதிய அதே இடத்தில், தன் பெயரை எழுதவேண்டும்.

அவர் அமுக்கவில்லை. தெரியாமல் நடந்தது முதல் இரண்டு நிமிஷம்தான். மிச்ச நாற்பத்தெட்டு நிமிஷமும் தெரிந்தே நடந்தது. ஒவ்வொரு டக்குக்கும் நெஞ்சில் ஒன்று விழுந்தது. யாருக்கும் கேட்கக்கூடாது என்று பக்கத்துத் தள்ளுவண்டியை வேண்டுமென்றே தடதடவென்று உருட்டினார். துவைத்து முடித்து உலர்த்தியிலும் போட்டு எடுத்தபோது அது ஓடு பிளந்து, ஒரு வண்டு செத்த மாதிரி சட்டைப் பையின் மூலையில் கிடந்தது. கால்சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். “அண்ணே, அந்தப் பென் டிரைவ்?”

“அங்கதானே வெச்சேன். மேசை மேல.”

பொய் அவ்வளவு சுளுவாக வந்தது அவருக்கே பயமாக இருந்தது.

மேசை மேல் இல்லை. மேசைக்குக் கீழே இல்லை. ஆளாளுக்குக் குனிந்து தேடினார்கள், அடுக்கிய விரிப்பையெல்லாம் உதறினார்கள். அவரும் குனிந்து தேடினார், அதுதான் கேவலம். இரண்டு மூன்று தள்ளுவண்டியை நகர்த்தி, அடியில் கைவிட்டுக்கூடப் பார்த்தார்.

“வயரெல்லாம் சுருட்டினது நீதானே?” என்று உருளை டிரைவரைக் கேட்டாள்.

“அக்கா, நான் எதுக்கு அதை எடுக்கப்போறேன்?”

“எடுத்தேன்னு சொன்னேனா? பையில விழுந்திருக்கும், பாரேன்.”

டிரைவர் முகம் சிவந்தது. பையை எடுத்து மேசையில் தலைகீழாகக் கொட்டினான். வயர், ரிமோட், பாதி கடித்த பன், காலில் போடும் களிம்பு. “பாத்துக்குங்க. எல்லாரும் பாத்துக்குங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். சட்டாம்பிள்ளையும் பார்த்தார்.

“விடுங்க தம்பி, யாரும் உங்களைச் சொல்லல” என்றாள் மடிப்பு மேசைக்காரி. அப்புறம், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னாள். “அந்தப் படத்துல எங்க வீட்டுக்காரர் வருவாரு.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“கூட்டத்துல ஒருத்தரா. அப்ப வேலையில்லாம, சூட்டிங்குக்குக் கூட்டத்துல நிக்கப் போவாரு. கடைத்தெருவுல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்னு ஒரு சீனு. ஹீரோ பேசிட்டிருக்கும்போது பின்னாடி ஒரு ஆளு காகித நட்சத்திரம் தூக்கிட்டுக் குறுக்க போவாரு. அதான். பதினோரு விநாடி. படம் வெளிய வரவே இல்ல. அங்க வேலை பாத்த ஒரு பையன் இவருக்காக எடுத்துக் குடுத்தான். அவரு போயி ஆறு வருஷமாச்சு. ஒவ்வொரு வருஷமும் நானும் எம்பொண்ணும் இன்னிக்கு ராத்திரி போட்டுப் பாப்போம். எங்களுக்கு அதான் கிறிஸ்துமஸ் படம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி” என்றாள் உருளை.

“சொன்னா சிரிப்பீங்கன்னு... வரட்டும், அவரு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“வேற பிரதி இல்லையா?”

“பொண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அது போன வருஷமே கெட்டுப்போச்சு. பரவால்ல, போட்டோ இருக்கு.” கைப்பை வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “போட்டோவுல நிக்கிறாரு. இதுலதான் நடப்பாரு.”

கால்சட்டைப் பைக்குள் அந்தப் பிளந்த ஓடு சட்டாம்பிள்ளையின் தொடையைக் குத்தியது. ‘இதோ’ என்று எடுத்து நீட்டினால் முடிந்தது. கை போகவில்லை. பதினேழு வருஷமாக ஊரார் பைக்குள் நுழைந்த கை, சொந்தப் பைக்குள் நுழைய மாட்டேன் என்றது.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டிருந்தவரை மனைவி பார்த்தாள். “என்ன, யாரையாவது கடிச்சிட்டு வந்தீங்களா?”

“கிறிஸ்துமஸ் படம்னா என்ன?”

“சரியாப் போச்சு. ஊருக்கெல்லாம் விதி சொல்றவரு என்னைக் கேக்குறீங்க.”

“சும்மா சொல்லேன்.”

“என்னைக் கேட்டா, நீங்க வாய் மூடிட்டுப் பக்கத்துல உக்காந்து பாக்குற படம். அப்படி ஒண்ணு இன்னும் வரல.”

வேறொரு நாளாக இருந்தால் சண்டை நாறியிருக்கும். அன்றைக்கு அவர் பையிலிருந்ததை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். தள்ளுவண்டியை உருட்டியதைக்கூட விடவில்லை. அவள் திட்டுவாள் என்று பார்த்தார். அவள் அந்தப் பிளந்த பென் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த டிரைவர் பையைக் கொட்டினப்பவுமா?” என்று கேட்டாள்.

“அப்பவும்.”

அவள் எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மடிப்பு மேசைக்காரிக்கு விடுமுறை. சட்டாம்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் வந்து சாக்கட்டியை எடுத்தார். அந்தப் பலகையில் எழுதுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்று தரம் அழித்து எழுதினார். ‘நம்பர் 2. பென் டிரைவ். சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை.’ கீழே தன் பெயர். சட்டாம்பிள்ளை என்றல்ல, வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்.

முதலில் படித்தது டிரைவர். திரும்பத் திரும்பப் படித்தான்.

“நேத்து நான் பையைக் கொட்டினப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“உன் பக்கத்துல.”

“கடைசியில திருந்தணும்னு ஒரு விதி இருக்குல்ல. அதுக்குத்தான் எழுதினீங்களா?”

அவர் சாக்கட்டியை அதன் இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து ‘தலைவரே’ என்ற சொல் டிரைவர் வாயிலிருந்து வரவில்லை. உருளை வந்தாள், படித்தாள். இத்தனை வருஷம் காத்திருந்தவள் ஒரு குத்துக் குத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படியே இஸ்திரி உருளைக்குப் போனாள். அன்று முழுவதும் கூடத்துக்கு வந்தவன் போனவன் எல்லாம் அந்தப் பலகையைப் படித்தான். அழிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அழிக்கவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை அவள் வந்தாள். படித்தாள். அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

“எப்ப தெரிஞ்சுதுண்ணே?”

“ரெண்டாவது நிமிஷத்துல.”

“நிறுத்தியிருக்கலாமே.”

“நிறுத்தியிருக்கலாம்.”

அவர் உடைந்ததைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார், அவள் கொண்டுவந்த மாதிரியே. அவள் வாங்கவில்லை. “நீங்களே வெச்சுக்குங்க. சீட்டு எழுதி டப்பாவுல போடுங்க. அதானே வழக்கம்” என்று சொல்லிவிட்டு மடிப்பு மேசைக்குப் போனாள். அதற்கப்புறம் வேலை விஷயம் தவிர அவரிடம் பேச்சில்லை.

பழுது பார்க்கும் கடை ஒன்று விடாமல் ஏறினார். “உள்ள வெந்துபோச்சுங்க” என்றான் ஒருத்தன். “இதை எதுல போட்டீங்க, குழம்புலயா?” என்றான் இன்னொருத்தன். படம் எடுத்த கம்பெனி இருந்த இடத்தைத் தேடிப்பிடித்துப் போனார். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. இப்படியே வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் மூன்று விதியைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மிஷின் ஓட்டத் தொடங்கும் முன்னால் தன் பையை இரண்டு தரம் தட்டிப்பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. யாராவது பார்த்தால் கையை எடுத்துக்கொள்வார்.

இந்த வருஷம் முறை அவருடையது. இருபத்து நாலாம் தேதி விரிப்பை மாட்டினார்கள். அவர் எழுந்து, மடிப்பு மேசைப் பக்கம் பார்க்காமல், “என் முறையை அந்த அம்மாவுக்குக் குடுக்கறேன்” என்றார்.

“எங்கிட்ட ஏதுண்ணே படம்?” என்றாள் அவள்.

தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. கொடுப்பதாக நினைத்து, மறுபடியும் புண்ணிலேயே குத்திவிட்டார்.

உருளைதான் காப்பாற்றினாள். “கதையைச் சொல்லேன்டி. அதுவா மறந்துபோயிருக்கும்?”

அவள் மாட்டேன் என்றாள். டிரைவர் புரொஜெக்டரைப் போட்டான். படமில்லாத வெள்ளை வெளிச்சம் மட்டும் விரிப்பில் விழுந்தது. கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. முன்னுக்குப் பின் குழப்பினாள். “அண்ணன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டான்... இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி கடையில தீப்பிடிக்கும்...” மெக்கானிக்கின் அம்மா இரண்டு தரம் செத்தாள். கூடம் சிரித்தது, இந்தத் தரம் அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த சலவைக்காரர் பின்வரிசையிலிருந்து வாயைத் திறந்தார்.

“எல்லாம் சரிம்மா. இதுல கிறிஸ்துமஸ் எங்க வருது?”

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. சட்டாம்பிள்ளைக்குக் காது வரைக்கும் சுட்டது.

“வரும். பேசாம பாருய்யா” என்றார்.

அவள் விரிப்பின் ஓரத்துக்குப் போனாள். “ஹீரோ இங்க நிக்கிறான். கடைத்தெரு. எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கமிருந்து வருவாரு.” வலது கையை உயர்த்தி, இல்லாத ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து, அவர் நடப்பதுபோல் வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்தாள்.

பார்க்கச் சொன்னவரால் பார்க்க முடியவில்லை. தலை நிமிரவில்லை. தரையில் அவளுடைய நிழலின் அடிப்பாகம் மட்டும் நகர்ந்து போனது தெரிந்தது. மனசுக்குள் எண்ணினார். பதினொன்று வந்தபோது நிழல் இல்லை.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டாம்பிள்ளை பக்கம் திரும்பி, ஒரு வருஷத்துக்கப்புறம் தானாகவே அவரைக் கூப்பிட்டாள்.

“பாத்தீங்களாண்ணே?”

‘பார்த்தேன்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

“இல்லம்மா. நிமிர முடியல.”

“அப்ப இன்னொரு தரம் போடணும்” என்றாள். திரும்ப அந்த ஓரத்துக்குப் போய், கையை உயர்த்திக்கொண்டு, அவர் நிமிரும்வரை நின்றாள்.